இரண்டாவது கையெழுத்துக்கு எதைக் காட்டுவது? செயற்கைக்கோள் கட்டளை ஒப்புதல் மென்பொருள் குறித்து ஒரு கேள்வி

கருப்பூர்_மாணவி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சேலத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் இறுதியாண்டு படித்து வருகிறேன். எங்கள் மாணவர் குழு சிறிய செயற்கைக்கோள் ஒன்றைக் கட்டி வருகிறது. அது விண்ணுக்குப் போக இன்னும் நாளிருக்கிறது. இப்போதைக்கு அதன் மின்னணுப் பலகைகளெல்லாம் ஆய்வக மேசையின் மேல் பரப்பப்பட்டு, கம்பிகளால் இணைக்கப்பட்டுக் கிடக்கின்றன. இந்த மேசைக் கோளை ஃபிளாட்சாட் என்கிறோம். கட்டளையை ஒருவர் எழுத, மற்றொருவர் சரிபார்த்து ஒப்புதல் தந்த பிறகே அது ஆன்டெனாவுக்குப் போகும்படி செய்கிற மென்பொருளை எழுதுவது என் பங்கு.

சென்ற வாரம் ஓர் ஒத்திகை நடத்தினோம். கோள் தன் இருப்பை அறிவிக்கும் பீக்கன் என்ற வானொலிச் சமிக்ஞை 30 நொடிக்கு ஒருமுறை வர வேண்டும் என்று முடிவு செய்து, குழுவில் ஒருவர் அந்தக் கட்டளையில் 30 என்று எழுதினார். சரிபார்த்தவரின் திரையிலும் 30 என்றே தெரிந்தது. திட்டத் தாளிலும் 30 என்றே இருந்தது. நான்கு நிமிடத்தில் ஒப்புதல் வந்துவிட்டது. ஆனால் அந்த எண்ணை இடும் புலத்தின் அலகு நொடி அன்று, நொடியில் பத்தில் ஒரு பங்கு. ஆகவே மேசைக் கோள் 3 நொடிக்கு ஒருமுறை கத்தத் தொடங்கியது. இரவு முழுவதும் அப்படியே விட்டுவிட்டோம். காலையில் வந்து பார்த்தபோது பேட்டரி வடிந்திருந்தது. விண்ணில் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கவே மனம் வரவில்லை. விதிப்படி இருவர் பார்த்தார்கள், இருவரும் நல்ல மாணவர்கள், இருந்தும் இப்படி நடந்தது என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

எங்கள் தரை நிலையம் கல்லூரியில் இல்லை. நகரத்தின் இரைச்சலும் கட்டடங்களின் மறைப்பும் இல்லாமல் இருக்கட்டும் என்று ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்துக் கட்டடத்தின் மொட்டை மாடியில் ஆன்டெனாவை நிறுத்தியிருக்கிறோம். குழு கீழே, ஆன்டெனா மேலே. நடுவில் 20 கொண்டை ஊசி வளைவுகளும், மழை வந்தால் அறுந்துபோகும் இணைய இணைப்பும். கோள் சுமார் 500 கிலோமீட்டர் உயரத்தில் துருவச் சுற்றுப்பாதையில் செல்லும். நமது அகலாங்கில் காலையில் ஒன்றிரண்டு, இரவில் ஒன்றிரண்டு என நாளுக்கு நான்கு பாஸ், அதாவது கோள் நம் வானைக் கடந்து போகும் வேளை, கிடைக்கலாம். ஒவ்வொன்றும் நீண்டுபோனால் பத்துப் பன்னிரண்டு நிமிடம்.

கேட்க விரும்புவது மூன்று. சரிபார்ப்பவருக்குத் திரையில் எதைக் காட்டினால் அவர் உண்மையிலேயே சரிபார்ப்பார்? பாஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒப்புதலுக்கு நேரம் எப்படிக் கிடைக்கும்? ஒப்புதல் தந்த பிறகு மலையேறும் இணைப்பு நடுவில் அறுந்தால், மேலேயுள்ள கணினி எதை நம்பிக் கட்டளையை அனுப்புவது?

அழகாபுரத்தார் எழுதியது:

தம்பி தங்கைகள் ஃபிளாட்சாட்டில் பேட்டரியை வடித்தது நல்லதே. மேசை மேல் வடிந்த பேட்டரிக்கு மறுநாள் சார்ஜ் ஏற்றிவிடலாம். செயற்கைக்கோள் கட்டுப்பாட்டில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், எந்தக் கட்டளைக்குக் கூடுதல் கவனம் தேவை என்பதில் பெரும்பாலோர் தவறுகிறார்கள். உந்துவிசை எரிப்பு, ஆன்டெனா விரிப்பு, மின்சுற்றைத் துண்டித்தல் போன்றவற்றுக்கு எல்லோரும் சிவப்பு வண்ணம் பூசுவார்கள். அவற்றைப் பார்த்ததும் பயம் தானாக வந்துவிடுகிறது, ஆகவே அவற்றில் பிழை குறைவு. உண்மையில் அஞ்ச வேண்டியவை, இன்று அனுப்பி, இன்று ஒன்றும் ஆகாமல், ஒரு நாள் கோள் தடுமாறும்போது மட்டும் பயன்படுகிற அட்டவணை எண்கள்.

2016 பிப்ரவரி 17 அன்று ஜப்பான் ஹிடோமி என்ற எக்ஸ்-கதிர் தொலைநோக்கியை ஏவியது. அதன் நீண்ட தண்டு விரிக்கப்பட்டதும் கோளின் நிறைப் பரவல் மாறியது. அதற்கேற்பத் திருத்தப்பட்ட உந்துவிசை எண்களைப் பிப்ரவரி 28 அன்று அனுப்பினார்கள். அந்த எண்களைத் தயாரித்தபோது ஒரு மாற்றப் படி விடுபட்டது. சிமுலேட்டரில் ஓட்டிப் பார்க்கவும் இல்லை. கோள் அவற்றைப் பெற்றுக்கொண்டது, நினைவகத்தில் வைத்துக்கொண்டது, ஒரு முணுமுணுப்பும் இல்லை. மார்ச் 26 அன்று வேறொரு காரணத்தால் கோள் தான் சுழல்வதாகத் தவறாக எண்ணிக்கொண்டு, இல்லாத சுழற்சியை நிறுத்தப் போய் உண்மையிலேயே சுழலத் தொடங்கியது. தன்னைக் காத்துக்கொள்ள உந்துவிசைக் குழல்களை இயக்கியபோதுதான் அந்த எண்கள் முதன்முறையாகப் பயன்பட்டன. சுழற்சி குறைய வேண்டிய இடத்தில் கூடியது; கோள் உடைந்தது. பிழை 27 நாள் உறங்கிக் கிடந்தது.

நாசாவின் மார்ஸ் குளோபல் சர்வேயரில் உறக்கம் இன்னும் நீண்டது. 1996-இல் ஏவப்பட்டு, செவ்வாயைப் பல ஆண்டுகள் சுற்றிய கலம் அது. அதன் இரு கணினிகளின் நினைவகங்களுக்கிடையே இருந்த சிறு வேறுபாட்டைச் சரிசெய்ய 2006 ஜூனில் ஒரு கட்டளை அனுப்பப்பட்டது. அது தவறான நினைவக முகவரியில் எழுதிவிட்டது. ஐந்து மாதம் கழித்து, நவம்பர் 2 அன்று, சூரியத் தகடுகளை நகர்த்தும் வழக்கமான வேலையின்போது தகடு முட்டி நின்றது. கலம் பாதுகாப்பு நிலைக்குப் போனது. அந்த நிலையில் பேட்டரி ஒன்று நேராக வெயிலைப் பார்த்துக்கொண்டு நின்றது. சூடேறிய பேட்டரியை மென்பொருள் நிரம்பிவிட்டதாகக் கருதி மின்னேற்றத்தை நிறுத்தியது. ஆன்டெனா எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்ற எண்ணும் அதே பிழையில் கெட்டிருந்ததால், தனக்கு நேர்ந்ததைப் பூமிக்குச் சொல்லவும் கலத்தால் இயலவில்லை.

ஆகவே உங்கள் மென்பொருளில் கட்டளைகளைத் தரம் பிரிக்கும்போது, ‘இது இப்போது என்ன செய்யும்?’ என்பதோடு ‘கோள் பாதுகாப்பு நிலைக்குப் போகும்போது இந்த எண்ணைப் படிக்குமா?’ என்ற கேள்வியையும் சேருங்கள். ஆம் என்றால் அதுவே உச்சத் தரம். நினைவகத்தில் நேரடியாக எழுதும் எந்தக் கட்டளையும் அந்தத் தரத்தில்தான் இருக்க வேண்டும். அதற்கு ஃபிளாட்சாட்டில் ஓட்டிய பதிவு இணைக்கப்படாதவரை ஒப்புதல் பொத்தானே திரையில் தோன்றக் கூடாது. அனுப்புவதையும் நடைமுறைப்படுத்துவதையும் இரு வேறு கட்டளைகளாகப் பிரித்து, இடையில் கோளின் நினைவகத்தைத் திரும்ப வாசித்து, நாம் அனுப்பிய பைட்டுகளோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே இரண்டாவதை அனுப்புங்கள். இதற்கு ஒரு பாஸ் கூடுதலாகச் செலவாகும், ஆகட்டும்.

‘கட்டளை ஏற்கப்பட்டது’ என்று வரும் பதிலைக் கண்டு நிறைவடையவும் வேண்டாம். ஐரோப்பியர்களின் பியுஎஸ் தரநிலை, ஒரு கட்டளை ஏற்கப்பட்டதையும், தொடங்கியதையும், நடந்துகொண்டிருப்பதையும், முடிந்ததையும் தனித்தனி அறிக்கைகளாக வகுத்திருக்கிறது. அந்தப் பிரிவை உங்கள் திரையிலும் வையுங்கள். ஆனால் ஹிடோமிக்குப் போன எண்கள் இந்த நான்கு படிகளையும் தாண்டியிருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். அந்தப் படிகள் எண்ணின் வடிவத்தைப் பார்க்குமே தவிர, அதன் நோக்கத்தைப் பாரா.

செவ்வாய்ப்பேட்டை_வங்கி எழுதியது:

எனக்கு விண்வெளி தெரியாது. பேத்தி இந்தப் பக்கத்தைக் காட்டியதால் படித்தேன். ஆனால் ஒருவர் எழுதி மற்றொருவர் ஒப்பும் முறையை முப்பது ஆண்டுக்கு மேல் வங்கியில் பார்த்திருக்கிறேன். நாங்கள் அதை மேக்கர், செக்கர் என்போம்.

அம்மா, உங்கள் ஒத்திகையில் நடந்தது எங்களுக்குப் பழக்கப்பட்ட ஒன்று. மாலை நான்கு மணிக்கு மேல் செக்கர் கணக்கைப் பார்ப்பதில்லை, மேக்கரின் முகத்தைப் பார்க்கிறார். நம்பிக்கையானவர் எழுதியிருந்தால் விரல் தானாகப் பொத்தானுக்குப் போய்விடும். இதில் சோம்பல் என்று குறை சொல்ல ஒன்றுமில்லை. எழுதியதையே மீண்டும் காட்டினால் மூளை அதைச் சரியென்றே வாசிக்கும். அச்சுப் பிழை திருத்துகிறவர்களைக் கேட்டாலும் இதையே சொல்வார்கள்.

காசோலைத் தொகையை உள்ளிடும் இடத்தில் மட்டும் நாங்கள் வேறு வழி வைத்திருந்தோம். முதலாமவர் இட்ட தொகையை இரண்டாமவருக்குக் காட்டமாட்டோம். அவர் காசோலையைப் பார்த்துத் தானே தொகையை இடுவார். இரண்டும் பொருந்தினால்தான் கணினி விடும். உங்கள் மென்பொருளிலும் சரிபார்ப்பவரிடம் ‘இது சரியா?’ என்று கேட்காமல், ‘இதை அனுப்பிய பின் கோளில் என்ன மாற்றம் காண்பீர்கள்?’ என்று கேட்டு எழுத வைக்க முடியுமா? எழுதியவரும் அதே கேள்விக்குத் தனியே ஒரு விடை எழுதட்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 30 நொடிக்கு ஒருமுறை என்று ஒருவரும் 3 நொடிக்கு ஒருமுறை என்று மற்றவரும் எழுதியிருந்தால் அங்கேயே நின்றிருக்குமே.

ஒண்டிக்கடை_நிரலர் எழுதியது:

வங்கி அம்மா சொன்னதை அப்படியே ஏற்கிறேன். ஒரே ஒரு திருத்தம். இருவரும் ஒரே திட்டத் தாளைப் பார்த்தால் இருவரும் 30 நொடி என்றே எழுதுவார்கள், பிழை வெளியே வராது. காசோலை விஷயத்தில் இருவர் பார்ப்பதும் மூல ஆவணம். இங்கே மூலம் எது? கோளுக்குப் போகப்போகும் பைட்டுகள். ஆகவே எழுதியவரின் வரியைச் சரிபார்ப்பவருக்குக் காட்டவே காட்டாதீர்கள். அந்தப் பைட்டுகளைத் தனியாக எழுதப்பட்ட வேறொரு நிரலைக் கொண்டு திரும்பப் பிரித்து, மனித மொழியில், விளைவாகக் காட்டுங்கள். ‘இடைவெளி 30’ என்பதற்குப் பதில், ‘95 நிமிடச் சுற்று ஒன்றில் பீக்கன் 1,900 முறை ஒலிக்கும்; இப்போதுள்ள அமைப்பில் 190 முறை’ என்று வந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஒப்புவது கடினம். இப்போதுள்ள மதிப்பையும் மாறப்போகும் மதிப்பையும் அருகருகே காட்டுவது மிக முக்கியம். தனியாக நிற்கும் எண் யாருக்கும் எதையும் உணர்த்தாது.

இப்போது ஒப்புதலுக்கும் பைட்டுக்கும் உள்ள உறவு. பல குழுக்கள் எழுத்து வடிவில் ஒப்புதல் வாங்கி, அனுப்பும் நேரத்தில் அதைப் பைட்டாக மாற்றுகிறார்கள். இடையில் யாராவது கட்டளை அகராதியை, அதாவது எந்தக் கட்டளையில் எந்தப் புலம், என்ன அலகு என்று வரையறுக்கும் கோப்பை, புதுப்பித்திருந்தால், ஒப்புதல் பெற்றது ஒன்று, போவது வேறொன்று. முதலில் மாற்றுங்கள், பிறகு ஒப்புதல் வாங்குங்கள். மாற்றிய கோப்பின் ஷா-256 ஹேஷை, அதாவது கோப்பின் கைரேகை போன்ற குறியீட்டைக் கணக்கிட்டு, எழுதியவரும் சரிபார்த்தவரும் அந்த ஹேஷின் மேல் டிஜிட்டல் கையொப்பம் இடட்டும். ஒரு பிட் மாறினாலும் இரு கையொப்பங்களும் செல்லாமல் போகும். இதுவே உங்கள் மூன்றாவது கேள்விக்கும் விடை: மலை மேலுள்ள கணினி உங்கள் சேலத்துச் சர்வரை நம்ப வேண்டியதில்லை. கையொப்பங்களைச் சரிபார்க்க உதவும் பொதுத் திறவுகோல்கள் அதனிடம் இருக்கட்டும். கட்டளைக் கோப்பும் கையொப்பங்களும் சேர்ந்த பொதி எப்படி வந்தாலும், இணையத்தில் வந்தாலும், பேருந்தில் பென் டிரைவில் வந்தாலும், அது தானே ஹேஷைக் கணக்கிட்டு, இரு கையொப்பங்களும் இரு வேறு ஆட்களுடையவை என்று உறுதி செய்துகொண்டு அனுப்பும். பாஸ் தொடங்குவதற்குச் சில மணி நேரம் முன்பே பொதி மேலே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். மே மாதத்து மாலை இடிமழையில் இங்கே ஏற்காட்டில் மின்சாரமும் இணையமும் சேர்ந்தே போகும். நான் இங்கேயே குடியிருப்பவன், அனுபவத்தில் சொல்கிறேன். பேட்டரி இன்வெர்ட்டர் ஒன்று வாங்கி வையுங்கள். மாடியில் இடிதாங்கியும் வேண்டும். பனிமூட்டத்தைப் பற்றிக் கவலை வேண்டாம், 145, 435 மெகாஹெர்ட்ஸ் அலைகளை அது ஒன்றும் செய்யாது.

ஒவ்வொரு பொதிக்கும் காலாவதி நேரம் ஒன்று குறியுங்கள். இன்றிரவு பாஸுக்கென்று ஒப்புதல் பெற்றது நாளை காலைக்குச் செல்லக் கூடாது, ஏனென்றால் அதற்குள் கோளின் நிலை மாறியிருக்கலாம். பேட்டரி இத்தனை வோல்ட்டுக்கு மேல் இருக்க வேண்டும், கோள் இன்ன நிலையில் இருக்க வேண்டும் என்ற முன்நிபந்தனைகளையும் பொதிக்குள்ளேயே வைத்து, பாஸின் முதல் நிமிடத்தில் கோள் தன் நிலையைப் பற்றி அனுப்பும் டெலிமெட்ரித் தகவலோடு நிலையக் கணினி ஒப்பிட்டுப் பார்க்கட்டும். பொருந்தாவிட்டால் அனுப்பாமல் இருப்பதே அதன் வேலை.

எல்லாவற்றையும் புதிதாக எழுதவும் வேண்டாம். யாம்க்ஸ் என்ற திறமூல மென்பொருளில் ஒவ்வொரு கட்டளைக்கும் முக்கியத்துவ நிலை குறிக்கலாம், டெலிமெட்ரி சார்ந்த அனுப்பல் நிபந்தனைகள் வைக்கலாம், கட்டளை வரிசையைத் தடுத்து நிறுத்தி, உரிமையுள்ளவர் பார்த்த பிறகு விடுவிக்கலாம். காஸ்மாஸ் என்ற மற்றொன்றிலும் அபாயக் கட்டளைகளைக் குறித்து வைத்தால் அனுப்பும் முன் ஒரு எச்சரிக்கைப் பெட்டி வரும். ஆனால் அந்தப் பெட்டியை மட்டும் நம்பிவிடாதீர்கள். ‘உறுதியாக அனுப்பவா?’ என்ற கேள்விக்கு இதுவரை யாரும் ‘இல்லை’ என்று அழுத்தி நான் பார்த்ததில்லை.

கருப்பூர்_மாணவி எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. பைட்டுகளிலிருந்து திரும்பப் பிரிக்கும் நிரலை வேறொரு மாணவரிடம் தனியாக எழுதச் சொல்லிவிட்டேன். என் நிரலை அவருக்குக் காட்டப்போவதில்லை.

ஒரு சிக்கல் இருக்கிறது. எங்கள் வழிகாட்டிப் பேராசிரியர், நெருக்கடி நேரத்தில் இந்த ஒப்புதலையெல்லாம் தாண்டி ஒருவரே கட்டளை அனுப்ப ஒரு வழி வேண்டும் என்கிறார். இரவு 10 மணி பாஸில் பேட்டரி சரிந்துகொண்டிருக்கும்போது இரண்டாமவர் தூங்கிக்கொண்டிருந்தால் கோளை இழப்பதா என்று கேட்கிறார். அந்தக் கேள்வியில் நியாயம் இருப்பதாகவே தோன்றுகிறது.

அழகாபுரத்தார் எழுதியது:

பேராசிரியர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. வழி மட்டும் வேறு.

1988-இல் சோவியத் ஒன்றியம் ஏவிய ஃபோபோஸ்-1 செவ்வாய்க்குப் போகும் வழியிலேயே தொலைந்தது. அனுப்பிய கட்டளைத் தொகுப்பில் ஒரு குறி விடுபட்டிருந்தது. அதனால் கலத்தின் நிலையைக் காக்கும் உந்துவிசைக் குழல்கள் அணைந்தன, சூரியத் தகடுகள் வெயிலை விட்டு விலகின, பேட்டரி தீர்ந்தது. கட்டளைகளைச் சரிபார்க்கவென்று தரையில் ஒரு கணினி இருந்தது. அன்றைக்கு அது வேலை செய்யவில்லை. ஆனாலும் கட்டளை போனது. தாண்டிப் போவதற்கு ஒரு வழி இருந்தால், அவசரமில்லாத நாளிலும் அந்த வழியில் நடப்பார்கள்.

நெருக்கடிக்கு வேண்டியவை மிகச் சில கட்டளைகளே: ஒலிபரப்பியை அணை, மின்சுமைகளைக் குறை, பாதுகாப்பு நிலைக்குப் போ, கணினியை மீண்டும் தொடங்கு. இந்த நான்கைந்தையும் ஃபிளாட்சாட்டில் பலமுறை ஓட்டி, இரு கையொப்பமும் இட்டு, காலாவதி இல்லாத பொதிகளாக மலை மேலேயே வைத்துவிடுங்கள். நெருக்கடியில் ஒருவரே அவற்றை அனுப்பலாம். அவற்றில் உள்ளிட எண் எதுவும் இருக்கக் கூடாது. எண் கேட்கும் கட்டளை நெருக்கடிக் கட்டளை அன்று. தூக்கக் கலக்கத்தில் புதிதாக எதையும் தட்டச்சு செய்ய வாய்ப்பே தராதீர்கள்.

முன்ஒப்புதல் பெற்ற தொகுப்பில் ‘சிறு மாற்றம்தானே’ என்று கை வைப்பதையும் மென்பொருள் தடுக்க வேண்டும். 1998 ஜூனில் சோஹோ என்ற சூரிய ஆய்வுக் கலத்தின் தொடர்பு அறுந்ததற்கு, முன்பே நிலைபெற்றிருந்த கட்டளைத் தொகுப்புகளில் செய்த மாற்றங்கள் ஒரு முக்கியக் காரணம். அவசரத்தில் சூரியனைத் திரும்பக் கண்டுபிடிக்கத் தேவையான ஜைராஸ்கோப்பை, அதாவது சுழற்சியை அளக்கும் கருவியை, இயக்கும் கட்டளை ஒரு தொகுப்பில் விடுபட்டுப் போனது. அந்தக் கலத்தைப் பெரும்பாடுபட்டு மீட்டார்கள். எல்லோருக்கும் அந்த நற்பேறு வாய்ப்பதில்லை.

இரண்டாமவர் தூங்கிவிடும் சிக்கலுக்கு உண்மையான மருந்து கோளிலேயே இருக்கிறது. இத்தனை நாள் கட்டளை எதுவும் வராவிட்டால் தானே தொடக்க அமைப்புக்குத் திரும்பும் கடிகாரம் ஒன்றையும், பேட்டரி ஓர் அளவுக்குக் கீழே போனால் ஒலிபரப்பியைத் தானே நிறுத்தும் விதியையும் உள்ளே வையுங்கள். 2023 ஜூலையில் வாயேஜர்-2-க்குப் போன ஒரு கட்டளைத் தொகுப்பு அதன் ஆன்டெனாவைப் பூமியிலிருந்து 2 பாகை விலக்கிவிட்டது. அப்போது அது சுமார் 1,990 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. கட்டளை போய்ச் சேரவே 18 மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆஸ்திரேலியாவின் கான்பெரா நிலையத்திலிருந்து வலுவான சமிக்ஞை அனுப்பி ஆகஸ்ட் 4 அன்று மீட்டார்கள். அது பலிக்காமல் போயிருந்தாலும், ஆண்டில் சிலமுறை தானே திசையைச் சரிசெய்துகொள்ளும் ஏற்பாடு அதில் இருந்தது. அடுத்த முறை அக்டோபர் 15. மனிதர் பிழை செய்வார் என்று எண்ணித்தான் அதை வைத்தார்கள்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு இதுவரை யாரும் நேரடியாக விடை சொல்லவில்லை. பாஸின்போது ஒப்புதல் தராதீர்கள், அவ்வளவுதான். நம் மங்கள்யான் 2014 செப்டம்பர் 24 அன்று செவ்வாய்ச் சுற்றுப்பாதையில் நுழைந்தபோது பெங்களூரிலிருந்து யாரும் அந்த நேரத்தில் பொத்தானை அழுத்தவில்லை. வானொலி அலைக்கும் போய்ச்சேர நேரம் வேண்டும். ஒருவழிக்கே சுமார் 12 நிமிடம். ஆகவே நேரம் குறித்த கட்டளைகளை நாள்கணக்கில் முன்பே ஏற்றி, சரிபார்த்து, நீண்ட நாள் உறங்கிக் கிடந்த பெரிய எஞ்சினை 22 அன்று 4 நொடி மட்டும் எரித்துப் பார்த்து, பிறகு காத்திருந்தார்கள். உங்களுக்குத் தூரம் ஒரு பொருட்டில்லை, ஆனால் பத்து நிமிடம் என்பதும் ஏறக்குறைய அதே நிலைதான். முந்தின நாள் மாலை உட்கார்ந்து, தேநீர் குடித்து, நிதானமாக ஒப்புதல் தாருங்கள். பாஸில் செய்ய வேண்டியது அனுப்புவதும் கவனிப்பதும் மட்டுமே. எதிர்பார்த்தது நடக்கவில்லையா, அடுத்த பாஸ் இருக்கிறது.

இன்னொரு சிறு செய்தி, விஷயத்தை விட்டு விலகுவதாக இருந்தால் மன்னிக்கவும். சந்திரயான் தரையிறங்கு கலத்தைப் பூமியிலேயே சோதித்துப் பார்க்க நிலவின் மண்ணை ஒத்த மண் தேவைப்பட்டபோது, அது கிடைத்தது நம் பக்கத்து நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதியில்தான். போகிற இடத்தை இங்கேயே உருவாக்கி ஒத்திகை பார்க்கிற பழக்கத்துக்கு நம் ஊர் மண்ணே உதவியிருக்கிறது. உங்கள் ஃபிளாட்சாட்டை ஏவலுக்குப் பிறகும் பிரித்து எடுத்துவிடாதீர்கள். அடுத்த குழுவுக்குப் பலகை வேண்டும் என்று கேட்பார்கள், கொடுக்காதீர்கள்.

ஒண்டிக்கடை_நிரலர் எழுதியது:

நெருக்கடிப் பொதிகளில் எனக்கு ஒரு கருத்து வேறுபாடு. காலாவதியே இல்லாத, இரு கையொப்பமிட்ட ‘ஒலிபரப்பியை அணை’ என்ற பொதி மலை மேல் கிடப்பது, வேறு யார் கையிலாவது அது சிக்கினால் ஆபத்து. வான் அலையில் ஒருமுறை போனதை யாரும் பதிவு செய்து திரும்ப ஒலிபரப்பலாம். அமெச்சூர் அலைவரிசையில் செய்திகளை மறைகுறியாக்கக் கூடாது என்பது பன்னாட்டு விதி. ஆனால் செயற்கைக்கோளைக் கட்டுப்படுத்தும் கட்டளைகளுக்கு அந்த விதியே விலக்கு தருகிறது. ஆகவே ஒவ்வொரு கட்டளைக்கும் அனுப்பும் தருணத்தில் நிலையக் கணினி ஏறுமுக வரிசை எண்ணையும் ரகசியத் திறவுகோலால் ஆன முத்திரையையும் சேர்க்கட்டும். பழைய எண்ணோடு வருவதைக் கோள் ஒதுக்கிவிடும். ஒப்புதல் ஹேஷ் உள்ளே இருக்கும் கட்டளைக்கு. முத்திரை வெளியே இருக்கும் உறைக்கு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். பொதிகளுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கையொப்பம் புதுப்பிக்கும் ஏற்பாடும் வைத்தால், திறவுகோல் வைத்திருந்த மாணவர் பட்டம் பெற்றுப் போன பிறகும் அவர் கையொப்பம் செல்லுபடியாகிக்கொண்டிருக்கும் கூத்து நடக்காது.

அழகாபுரத்தார் எழுதியது:

உறை விஷயத்தில் நிரலர் சொல்வதே சரி. மூன்று மாதம் என்பதையும் ஏற்கிறேன். ஆனால் புதுப்பிக்க மறந்தால் நெருக்கடிப் பொதி செல்லாது என்று ஆக்கிவிடாதீர்கள். எச்சரிக்கை மட்டும் வரட்டும்.

செவ்வாய்ப்பேட்டை_வங்கி எழுதியது:

எனக்கு ஒரு சந்தேகம். அந்தப் புலத்தின் அலகு நொடியில் பத்தில் ஒரு பங்கு என்று எங்கோ ஓர் இடத்தில் எழுதியிருக்க வேண்டுமே. அதை எழுதியவர் யார், அதற்கு ஒப்புதல் தந்தவர் யார்? எங்கள் வங்கியில் ஒரு கணக்கில் தவறாகப் போடப்பட்ட தொகையைவிட, வட்டி விகித அட்டவணையில் தவறாகப் போடப்பட்ட ஒரு புள்ளிதான் எங்களை அதிகம் அலைக்கழித்திருக்கிறது. அட்டவணையை மாற்ற மூன்று பேர் கையெழுத்து வேண்டும் என்று பிற்பாடு ஆக்கினார்கள்.

கருப்பூர்_மாணவி எழுதியது:

அம்மா, உங்கள் கேள்வியைப் படித்ததும் கட்டளை அகராதிக் கோப்பின் பழைய பதிப்புகளைத் தேடிப் பார்த்தேன். அலகு என்ற நெடுவரிசை அதில் தொடக்கத்திலிருந்தே இருக்கிறது. பீக்கன் இடைவெளிக்கு எதிரே மட்டும் அது காலியாக விடப்பட்டிருக்கிறது. கோளின் உள் மென்பொருளை எழுதியவர் பத்தில் ஒரு பங்கு என்று எடுத்துக்கொண்டார்; கட்டளை எழுதியவர் நொடி என்று எடுத்துக்கொண்டார். அந்த வரியைச் சேர்த்தது நான்தான், பிப்ரவரி மாதம், இரவு 11:40-க்கு. அகராதியில் மாற்றம் செய்ய எங்கள் முறையில் ஒப்புதலே தேவையில்லை. கட்டளைகளுக்கு மட்டும்தான் அந்த விதியை எழுதியிருந்தேன்.

இன்று காலை அகராதிக் கோப்பையும் அதே ஒப்புதல் வரிசைக்குள் கொண்டுவந்துவிட்டேன். அலகு காலியாக இருந்தால் கோப்பு ஏற்கப்படாது. அப்படிச் செய்ததும் மேலும் 14 புலங்கள் அலகில்லாமல் வெளியே வந்தன. அவற்றில் இரண்டு, அழகாபுரத்து ஐயா சொன்னதுபோல், பாதுகாப்பு நிலையில் மட்டும் படிக்கப்படுபவை. வரும் சனிக்கிழமை குழு முழுவதும் உட்கார்ந்து அவற்றை ஒவ்வொன்றாக ஃபிளாட்சாட்டில் ஓட்டிப் பார்க்கப்போகிறோம்.